தைராய்டு அறுவைக்குப் பின் மூன்றாம் நாள்: கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் அறுவை சிகிச்சைத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

அறுவை சிகிச்சை, மயக்கவியல், அகச்சுரப்பியல் துறைகளை நடத்தும் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிகளுக்குக் கேரளப் பக்கம் இருக்கும், நாங்கள் பணிபுரியும் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து கழுத்துக் கட்டியோடு உங்களிடம் வருகிறவர்கள், அறுவை முடிந்து இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அறுவையில் நாங்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தழும்பு கழுத்து மடிப்பில் மறைந்தே போகிறது. குறையெல்லாம் கூட வரும் டிஸ்சார்ஜ் சீட்டில்தான். முழுத் தைராய்டும் எடுக்கப்பட்டது, பயாப்சி முடிவு வரவேண்டும், ஆன்டிபயாடிக் ஐந்து நாள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் காலையில், கால்சியம் மாத்திரை காலை ஒன்று இரவு ஒன்று, ஒரு வாரம் கழித்து வரவும். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் இரவு பதினொரு மணிக்கு “வாயோரம் மரத்துப் போச்சுங்க, விரல் நுனியில எறும்பு ஊருதுங்க” என்று கால்சியம் சரிந்த அறிகுறியோடு ஒருவர் எங்களிடம் வந்தால், மருந்தைத் தீர்மானிக்கத் தேவையான எண் எதுவும் அந்தச் சீட்டில் இல்லை.

ஏன் மூன்றாம் நாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இந்த மடலை நோயாளியின் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறோம். தைராய்டின் பின்புறம் ஒட்டினாற்போல் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் 30 முதல் 40 மி.கி. எடைதான். கொழுப்புத் துணுக்கு என்று நினைத்தும் எடுத்துவிடலாம், எடுக்காமலே அதன் ரத்த ஓட்டத்தை அறுத்தும்விடலாம். அவை சுரந்து ரத்தக் கால்சியத்தை நிலைநிறுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் நேரம்) நாலைந்து நிமிடம். சுரப்பிகள் அடிபட்டிருந்தால் நோயாளி மேசையை விட்டு இறங்கும் முன்பே ஹார்மோன் விழுந்துவிடும். கால்சியம் அப்படி உடனே விழாது. மெல்ல இறங்கி, 24 மணியிலிருந்து 72 மணிக்குள், சிலருக்கு நான்காம் நாள், அடிமட்டத்தைத் தொடும். ஆகவே முதல் நாள் காலை கால்சியம் 8.6 என்று ஏறக்குறைய இயல்பாக வந்ததைப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவது இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணை நம்பி அனுப்புவதாகும்.

அறுவை முடிந்து 12 முதல் 24 மணிக்குள் ஒரு முறை பாராதைராய்டு ஹார்மோனை அளந்து, அந்த எண்ணையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான். மீதியெல்லாம் இதற்குப் பிறகே. 2022-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறி அந்த நேரத்தில் மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் நிரந்தரக் குறைபாடு வர வாய்ப்பு மிகக் குறைவு என்கிறது. தற்காலிகச் சரிவு அப்போதும் வரலாம், ஆனால் வருடக்கணக்கில் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. 10-க்குக் கீழே என்றால் கால்சிட்ரியால் (செயல்படும் வடிவிலான வைட்டமின் டி) இல்லாமல் அந்த நோயாளியை அனுப்பக் கூடாது. ‘நிரந்தரம்’ என்று முத்திரை குத்துவதற்கான காலத்தையும் அதே நெறி ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகத் தள்ளியிருக்கிறது. ஆறாம் மாதத்தில் “இனி ஆயுளுக்கும் மாத்திரைதான்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு அது உண்மையாக இல்லாமலும் போகலாம்.

பாராதைராய்டு சுரப்பி தானாக ஒளிரும் தன்மையை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்து அதைக் காப்பாற்றும் முறையைப் பற்றி இப்போது எல்லா மாநாட்டிலும் பேசுகிறார்கள். பிரான்சில் நடந்து 2020-இல் வெளியான பல மைய ஆய்வில் 241 பேர் சேர்ந்தார்கள். அறுவைக்குப் பிந்திய கால்சியம் சரிவு கேமரா இல்லாத குழுவில் 21.7 சதவீதம், கேமரா இருந்த குழுவில் 9.1 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதாத சீட்டோடு அனுப்பும் இடத்தில் கேமரா வந்து என்ன ஆகப்போகிறது? நாங்கள் கேட்பது அதைவிட மலிவான பொருள்.

அடுத்து மாத்திரை. எங்கள் மருந்துக்கடைகளில் நிற்கும் மருந்தாளுநர்கள் அன்றாடம் திணறும் இடம் இது. ‘கால்சியம் 500’ என்று சீட்டில் இருக்கும். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில்தான் 500 மி.கி. தனிக் கால்சியம் இருக்கிறது. சில அட்டைகளில் ‘500’ என்பது தனிக் கால்சியம். வேறு சிலவற்றில் கார்பனேட்டே 500, அதாவது தனிக் கால்சியம் 200 மி.கி. மட்டும். கோவையில் வாங்கிய அட்டை தீர்ந்து இங்கே வேறு கம்பெனி மாத்திரை வாங்கினால், நோயாளிக்குத் தெரியாமலே அளவு பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே ‘தனிக் கால்சியம் இத்தனை மி.கி., நாளைக்கு இத்தனை வேளை’ என்று எழுதுங்கள். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு. அதே சீட்டில் காலையில் பான்டபிரசோலும் எழுதினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல. பான்டபிரசோல் உண்மையிலேயே தேவையென்றால் கால்சியம் சிட்ரேட் எழுதுங்கள். அதில் தனிக் கால்சியம் 21 சதவீதம்தான், மாத்திரை எண்ணிக்கை கூடும். பான்டபிரசோலை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மக்னீசியம் குறைந்திருக்கலாம். மக்னீசியம் குறைந்தால் எத்தனை பாட்டில் கால்சியம் ஏற்றினாலும் எண் நகராது.

கால்சிட்ரியால் இருக்க வேண்டிய இடத்தில் வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதுவதும் நடக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சாதாரண வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம், அதை ஏவுவது பாராதைராய்டு ஹார்மோன். ஏவ ஆளில்லாதபோது பாக்கெட்டுக்கு மேல் பாக்கெட் கொடுத்து இந்த வாரத்துக்கு ஒரு பயனும் இல்லை. கால்சிட்ரியால் 0.25 அல்லது 0.5 மைக்ரோகிராம், நாளுக்கு இரண்டு வேளை, எந்தத் தேதி மறுபரிசோதனை, எந்த எண்ணுக்கு மேல் போனால் குறைப்பது என்று சீட்டில் இருக்க வேண்டும். குறைக்கும் திட்டம் எழுதாவிட்டால் எதிர்ப்பக்கக் கேடு வரும். மாதக்கணக்கில் முழு அளவு விழுங்கி கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று வருவார்கள். ஹார்மோன் இல்லாதவருக்குக் கால்சியத்தை இயல்பின் கீழ் விளிம்பில் வைப்பதே சரி, ஏனென்றால் சிறுநீரில் கால்சியம் ஒழுகுவதைத் தடுக்கும் காவல் அவருக்கு இல்லை. எடுத்த தைராய்டுக்கு ஈடாகத் தரும் தைராக்ஸினுக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும், சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடலில் சரியாகச் சேராது. இதைச் சொல்லாமல் விட்டு, ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராக்ஸின் போதவில்லை என்றால் ஏறும் எண்) ஏறியிருக்கிறது என்று தைராக்ஸின் அளவைக் கூட்டுவதில் அர்த்தமில்லை.

அந்த இரவில் இங்கே என்ன செய்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும். ரத்த அழுத்தப் பட்டையை மேல் அளவைவிட 20 கூட்டி மூன்று நிமிடம் வைத்தால் விரல்கள் கூம்பிக் கை விறைக்கிறதா என்று பார்க்கிறோம். கன்னத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனையை நம்புவதில்லை, நோயில்லாதவர்களிலும் பலருக்கு உதடு துடிக்கும். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஒரு ஆம்பூல் 10 மி.லி., அதில் தனிக் கால்சியம் ஏறக்குறைய 90 மி.கி. ஒன்றோ இரண்டோ ஆம்பூலை 50 முதல் 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே 10 முதல் 20 நிமிடத்தில், முழங்கை மடிப்பின் பெரிய ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். புறங்கையின் சின்ன ரத்த நாளத்தில் போட்டுக் கசிந்தால் தோல் வெந்து உதிரும். இதய மருந்தான டைஜாக்சின் சாப்பிடுகிறவரா என்று முதலில் கேட்க வேண்டும். பைகார்பனேட் போகும் குழாயில் சேர்த்தால் திரிந்து அடைத்துக்கொள்ளும். ஊசி போட்டதும் விறைப்பு நிற்கும், வீட்டார் கிளம்பப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று மணியில் திரும்ப வரும். அதனால் கையோடு மாத்திரையைக் கூட்ட வேண்டும் அல்லது மெதுவாக ஏற்றும் டிரிப்பைத் தொடங்க வேண்டும். இதில் எது என்று முடிவு செய்யத்தான் உங்கள் ஹார்மோன் எண் வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. கை விறைத்து மூச்சு வாங்கும் பெண்ணைப் “பயந்திருக்கிறாள்” என்று உட்கார வைத்துவிடுவது எல்லாச் சிகிச்சைப் பிரிவிலும் நடக்கிற தப்பு. வேகமாக மூச்சு விட்டாலும் அயனிக் கால்சியம் இறங்கி விரல் இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் கழுத்தில் புதுத் தையல் இருக்கும் ஒருவருக்குக் கால்சியம் எண் வரும்வரை பயம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. ரத்தப் புரதமான அல்புமின் 4-க்குக் கீழ் இருந்தால், குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியம் எண்ணோடு 0.8 கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலைக் குறைக்க இன்னும் நேரான வழி முழுச் சுரப்பியையும் எடுக்காமலிருப்பது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மறுபக்கத்துப் பாராதைராய்டுகளைக் கத்தியே தொடாது. சின்ன, பரவாத புற்றுக் கட்டிகளுக்கும் முழுமையாக எடுக்க ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, பிறகு கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்பது. அந்தக் காரணம் இப்போது தளர்ந்துவிட்டது. 2022-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் குறைந்த அபாயமுள்ள 776 பேரில், மூன்று ஆண்டு கழித்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்கள் அயோடின் பெற்றோரில் 95.9 சதவீதம், பெறாதோரில் 95.6. 2025-இல் வந்த பிரிட்டன் ஆய்வும் 504 பேரை ஐந்து ஆண்டு பார்த்து அதையே சொன்னது. அயோடின் தேவையில்லாதவருக்கு அதற்காகவே முழுச் சுரப்பியை எடுப்பானேன்? ஸ்கேனில் எதேச்சையாகத் தென்பட்ட ஒரு சென்டிமீட்டர் கட்டியோடு போனவர்கள் முழுச் சுரப்பியும் இழந்து வருவதை இங்கே பார்க்கிறோம். பெரிய கட்டி, நிணநீர்க் கணுப் பரவல், கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிகையாகச் சுரப்பது) என்றால் பேச்சு வேறு. கிரேவ்ஸுக்கு அறுவை என்றால் கால்சியம் சரிவு கூடுதலாக வரும் என்பதையும் முன்கூட்டியே சீட்டில் எழுதிவிடுங்கள்.

கழுத்தில் ரத்தம் தேங்குவது பெரும்பாலும் முதல் 24 மணிக்குள், உங்கள் வார்டிலேயே நடக்கும். ஆனாலும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் கூடிவருவதால் எங்கள் வாசலுக்கும் வரலாம். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸில் ஏற்றி எல்லை தாண்டுவது கொலைக்குச் சமம். தையலை வெட்டு, தோலைத் திற, தசையைத் திற, காயத்தில் பஞ்சுத் துணி வை என்று 2022-இல் பிரிட்டன் மருத்துவச் சங்கங்கள் வழிகாட்டியிருக்கின்றன. அனுப்புவது அதற்குப் பிறகே. தோலுக்கு ஸ்டேபிளா, உள்தையலா, பசையா என்று சீட்டில் ஒரு வார்த்தை இருந்தால் கையில் கத்தரியை எடுப்பதா, ஸ்டேபிள் கழற்றியை எடுப்பதா என்று தடுமாற மாட்டோம்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசோலோன் 5 மி.கி. அல்லது கூடுதலாக நான்கு வாரம் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கலாம். 2020-இல் வந்த பிரிட்டன் வழிகாட்டிப்படி, பெரிய அறுவையென்றால் மயக்கம் கொடுக்கும்போது அதற்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., தொடர்ந்து 24 மணிக்கு 200 மி.கி. “ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “மூட்டு வலிக்கு யாரிடம் பொடி வாங்குகிறீர்கள்” என்று கேளுங்கள், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

மற்றது சர்க்கரை நோய்க்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கிவிட்டதால் இப்போது பலர் கையில் இருக்கின்றன, அதுவும் மெட்ஃபார்மினோடோ சிட்டாகிளிப்டினோடோ சேர்ந்த ஒரே மாத்திரையாக. அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தாவிட்டால் சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி ரத்தம் அமிலமாகலாம். வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் மயக்க மருந்தின் விளைவு என்று நினைத்துவிடுவார்கள். “சுகர் இருக்கா” என்ற கேள்வி மட்டும் போதாது, இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் சர்க்கரை இல்லாமலே இதைக் கொடுக்கிறோம். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவசர அறுவையில் நாள் கணக்குப் பார்க்க முடியாது. அப்போது ரத்தக் கீட்டோனை அளந்துகொண்டே இருங்கள்.

மொழி. பாலக்காட்டிலும் திருச்சூரிலும் மலையாளத்தில், கோவையில் ஆங்கிலத்தில் அறிவுரை அச்சடித்துத் தருகிறார்கள். எங்கள் கிராமத்துப் பாட்டிக்கு இரண்டும் எட்டாது, பள்ளியில் மலையாளம் படித்த பேரனுக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறும். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதிப் பதில் பெற வழி செய்திருக்கிறது. மருத்துவச் சீட்டு அதற்குள் அடங்குமா என்று வழக்காட வரவில்லை. அரைத்தாள் போதும். ஒரு பக்கம் தமிழில், மாத்திரைக்கு நேரே சூரியனும் நிலாவும் போட்டு, “வாயோரம் மரத்தால், விரல் விறைத்தால், குரல் அடைத்துக் கீச்சென்று மூச்சு இழுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்” என்று. மறுபக்கம் எங்களுக்காக ஆங்கிலத்தில் ஹார்மோன் எண், கால்சியம் எண், இரண்டுக்கும் ரத்தம் எடுத்த நேரம், எத்தனை பாராதைராய்டு கண்ணால் பார்க்கப்பட்டது, எதையாவது எடுத்துத் தசையில் நட்டீர்களா, இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். வரவேற்பு மேசையின் எண் வேண்டாம். பணியில் இருக்கும் மருத்துவரின் எண்ணாக இருக்கட்டும்.

கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, கீட்டோன் பட்டை மூன்றும் இரவிலும் இருக்குமாறு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அரைத்தாளின் மாதிரி வேண்டுமென்றால் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்து எல்லைக் கிராமங்களில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்