ஏழு காலி நாற்காலிகள்

சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து
17 டிசம்பர் 2016, சனிக்கிழமை (துர்முகி, மார்கழி 2)

அன்புள்ள அப்பாவுக்கு,

மகனின் வணக்கம். இவ்விடம் நான் நலம். தங்கள் நலமும், அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். தாங்கள் நவம்பர் கடைசியில் எழுதிய கடிதம் வந்து பத்து நாள்களாகின்றன. ஆடி மாதத்துக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று தாங்கள் நாள் கணக்கோடு குறிப்பிட்டிருந்ததைப் படித்தபோது, தன்பதிவேட்டில் நிலுவைத் தாள் அகப்பட்ட எழுத்தரைப்போல விழித்தேன். தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவில் ஏறாது என்பது தங்கள் பழைய சட்டம். இன்று காலை உறைமழை பெய்து வாசற்படி கண்ணாடியாகிவிட்டதால் வெளியே போக வழியில்லை. நிலுவையைத் தீர்க்க உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு உப்புக் கிழவரை அம்மா ஒவ்வொரு முறையும் விசாரிப்பதால் முதலில் அவர் செய்தி. மழை வருமென்று வானொலியில் சொன்ன நேற்றிரவே, யாரும் கேட்காமல், எங்கள் படிக்கும் சேர்த்து உப்பைத் தூவிவிட்டுப் போய்விட்டார். அப்படியும் நான் காலையில் பால் வாங்கக் கிளம்பி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தேன். அடி ஒன்றும் பலமில்லை. இட்லி மாவு இந்தக் குளிரில் புளிப்பதில்லை. அடுப்பு அலமாரிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒரு இரவும் பாதிப் பகலும் வைத்தால் மனம் இரங்கிக் கொஞ்சம் பொங்குகிறது. கறிவேப்பிலைச் செடி போய்விட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

“தேர்தலில் நின்றவனுக்கே இவ்வளவு வேலை இருக்காதே, உனக்கென்ன?” என்று கேட்டிருந்தீர்கள். ஆட்சி மாறினால் இங்கேயும் அதிகாரிகளைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். பாபநாசம் தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக்கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஊர் அரசாங்கத்தில் மேல்மட்டத்தில் இரண்டு சாதி ஆள்கள் இருக்கிறார்கள். அதிபரோடு வந்து அதிபரோடு போகிறவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். அவர்களில் சுமார் 1,200 பேருக்கு செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்கள் எந்தக் கட்சி வந்தாலும் நாற்காலியில் இருக்கும் நிரந்தர அதிகாரிகள். அவர்களில் உச்சியில் இருப்பவர்களுக்கென்று 1978-இல் ஒரு சட்டத்தின் வழியாகத் தனிப் பணித்தொகுதியே ஏற்படுத்தினார்கள். அதில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், அரசியல் நியமனம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நம் ஐ.ஏ.எஸ். போல என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுக்கப் பொருந்தாது. தங்கள் தண்ணியில்லாக் காட்டுக் கேள்விக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது: புதிய துறைத் தலைவர் பொறுப்பேற்ற முதல் 120 நாள்களுக்கு இந்த நிரந்தர மூத்த அதிகாரிகளை அவர்கள் விருப்பமின்றி இடம் மாற்ற முடியாது. 121-ஆம் நாள் என்ன ஆகும் என்று தாங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அப்போது மாற்றலாம்.

நான் முன்பு எழுதியிருந்தேனே, எங்கள் அலுவலகத்தின் பெரிய அம்மையார், அவர் இந்த நிரந்தர மூத்த அதிகாரி இனத்தைச் சேர்ந்தவர். 1989, 1993, 2001, 2009 ஆகிய நான்கு ஆட்சி மாற்றங்களைப் பார்த்தவர். வருகிற ஜனவரி 20 அவருக்கு ஐந்தாவது. மே மாதம் 6-ஆம் தேதி அதிபர் ஒபாமா ஓர் ஆணை பிறப்பித்து, வெள்ளை மாளிகையில் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவையும் துறைகளின் மாற்றப் பொறுப்பாளர்கள் கூடும் மன்றத்தையும் அமைத்தார். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே இவற்றைச் செய்தாக வேண்டும் என்று மார்ச் மாதம்தான் சட்டம் வந்தது. ஒவ்வொரு துறைக்கும் பொறுப்பாளர் நிரந்தர அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு அம்மையாருக்கு வந்தது. அவர் கீழே, புதிதாக வருகிறவர்களுக்குத் துறையின் நிலையைச் சொல்லும் குறிப்பேடு தயாரிக்கும் வேலை எங்கள் நான்கு பேருக்கு வந்தது. நான் ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக இருந்தாலும், என் எழுத்து சுருக்கமாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சுருக்கம் யாரிடம் கற்றது என்று அவருக்குத் தெரியாது.

அப்பா, அந்த வேலையை வேறு யாருக்குச் சொன்னாலும் புரியாது, தங்களுக்குப் புரியும். தாலுகாவின் வருடக் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு முந்திய பதினைந்து நாள்களை ஆறு மாதத்துக்கு இழுத்துக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. செப்டம்பர் 15-க்குள், மேலே இருக்கும் ஒவ்வொரு அரசியல் நியமனப் பதவியும் காலியானால் யார் பொறுப்புப் பார்ப்பார் என்ற வரிசை முடிவாக வேண்டும். நவம்பர் 1-க்குள் புதியவர்களுக்கான குறிப்பேடு முடிந்திருக்க வேண்டும். தேர்தலோ நவம்பர் 8. ஆக, யார் வெல்வார் என்று தெரியாமலே இருவருக்கும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும். இரண்டு மாப்பிள்ளைகளில் எவர் வருவார் என்று தெரியாமல் பந்தல் போட்டு, பெயர்ப்பலகையை மட்டும் காலியாக விட்டு வைப்பதுபோல. ஆகஸ்டிலேயே இரண்டு வேட்பாளர்களின் குழுக்களுக்கும் பென்சில்வேனியா அவென்யூவில் ஒரே கட்டடத்தில் அரசாங்கச் செலவில் அறைகள் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் எதிர்க்கட்சிக்கு அரசாங்கம் இப்படி இடம் கொடுத்துத் தொலைபேசியும் வைத்துக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் முதல் வரைவு எண்ணூறு பக்கம் வந்தது. அம்மையார் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். வருகிறவர் முதல் வாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவை எவை, முதல் மூன்று மாதத்தில் வெடிக்கக்கூடியவை எவை, நீதிமன்றத்தில் எந்தத் தேதிக்கு என்ன வழக்கு நிற்கிறது, பணம் எந்த நாளோடு தீர்கிறது: இவ்வளவும் முன்னால் இருக்க வேண்டும், துறையின் வரலாறும் பெருமையும் கடைசியில், விருப்பமுள்ளவர்களுக்கு. போகிற ஆட்சியின் முழக்கச் சொற்கள் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சிவப்புப் பேனாவால் தேடித் தேடி அடித்தார். எட்டு வருடம் தினம் எழுதிய சொற்கள். அவை எங்கள் கைக்குள்ளேயே ஊறிவிட்டதை அடிக்கும்போதுதான் கண்டோம். கருத்துச் சொல்லாதே, உண்மையை மட்டும் வை, ஆனால் கசப்பான உண்மையை ஒளிக்காதே என்பது அவர் முறை. 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடா வழக்கு டிசம்பர் 12 வரை இழுத்ததால் அந்த மாற்றத்துக்குப் பாதி நாள்கள்தாம் கிடைத்தன என்றும், செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமே அந்தத் தாமதம் முக்கிய நியமனங்களைப் பாதித்ததைப் பின்னர் எடுத்துக்காட்டியது என்றும் அடிக்கடி சொல்வார்.

நவம்பர் 9 காலை அலுவலகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள், வருந்தியவர்களும் இருந்தார்கள். அம்மையார் இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் மூன்றாவது மாடியில் ஒதுக்கிய அறைக்குப் போய், வரப்போகும் குழுவுக்காக ஏழு நாற்காலிகள், ஏழு கணினிகள், ஏழு நுழைவு அட்டைகள் இருக்கின்றனவா என்று எண்ணினார். இந்தக் குழுவை ‘லேண்டிங் டீம்’ என்கிறார்கள்; விமானத்திலிருந்து குதிக்கும் படையோ என்று முதலில் நினைத்தேன். முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. வெற்றி பெற்ற பக்கத்தில் மாற்றக் குழுவின் தலைவரையே தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் மாற்றிவிட்டார்கள். பெயர்ப் பட்டியல்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கின. அம்மையார் தினமும் காலையில் அந்த அறையில் காபி போட்டு வைக்கச் சொன்னார். மாலையில் அதைக் கொட்டும் வேலை எனக்கு. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டே பேர் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள்தாம். குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, இதை ஒரே பக்கமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அம்மையார் முகம் மாறாமல், நாளைக் காலை தருகிறோம் என்றார். அன்றிரவு பதினோரு மணி வரை அந்த ஒரு பக்கத்தை எழுதினோம். எண்ணூறு பக்கத்தை விட அது கடினமாக இருந்தது. மீதி ஐந்து நாற்காலிகள் இன்னும் காலிதான்.

எல்லா இடத்திலும் இப்படி அமைதியாகப் போகவில்லை. இந்த மாதம் எரிசக்தித் துறைக்கு 74 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று போயிற்று. பருவநிலைக் கூட்டங்களுக்குப் போன ஊழியர்கள் யார் யார் என்ற கேள்வியும் அதில் இருந்தது. தனிப்பட்டவர்களின் பெயர்களைத் தரமாட்டோம் என்று அந்தத் துறை மறுத்துவிட்டது. எங்கள் தளத்தில் அன்று முழுவதும் இதே பேச்சு. அம்மையார் மட்டும், கேட்பது அவர்கள் உரிமை, எதைத் தரலாம் என்பது சட்டத்தின் வேலை என்று முடித்துக்கொண்டார். அவருக்கும் கவலை இருக்கிறது என்பதை, அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திரும்ப எடுத்துப்போனதை வைத்து நானாக ஊகித்தேன்.

உப்புக் கிழவருக்கு இதெல்லாம் திருவிழா. அதிபர் தேர்தல் வருடம்தோறும் நாடாளுமன்றம் ஒரு புத்தகம் போடுகிறது; 9,000-க்கும் மேற்பட்ட பதவிகள், யார் அமர்ந்திருக்கிறார், எப்படி நியமனம் என்பதெல்லாம் இருக்கும். அட்டை நிறத்தால் அதற்கு ‘ப்ளம் புத்தகம்’ என்று பெயர். நம் நாவற்பழ நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற இவர் பழைய பதிப்புகளை அடுக்கி வைத்து, தனக்குத் தெரிந்தவர் பெயர்களுக்கு நேரே பென்சிலால் ஏதோ குறித்திருக்கிறார். என்ன குறிப்பு என்று கேட்டேன். யார் போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்கள் என்பதாம்! 1881-இல் பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டதையும், அதன் பின் 1883-இல் தகுதி பார்த்து வேலை தரும் சட்டம் வந்ததையும் நேற்று நடந்ததுபோல வேலிக்கு அப்பால் நின்று சொன்னார். தாங்கள் இங்கே இருந்தால் இருவரும் விடிய விடியப் பேசுவீர்கள்.

5-ஆம் தேதி இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். முதல்வர் மறைந்த செய்தியும், நள்ளிரவு தாண்டி ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்ற காட்சியும் என் கைபேசியில் அடுத்தடுத்து வந்தன. இங்கே தேர்தலிலிருந்து பதவியேற்பு வரை 73 நாள்கள், அங்கே ஓர் இரவுகூட முடியவில்லை. அம்மையாரிடம் சொன்னபோது, அப்படியானால் குறிப்பேட்டை எழுதியது யார் என்று கேட்டார். தலைமைச் செயலகத்தில் கோப்புகள் இடம் மாறவில்லை, எழுத்தர்களும் மாறவில்லை என்றேன். அவர் வெகு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ, ஜமாபந்தி நாள்களில் தாங்கள் கைவிரலில் மையோடு கடைசிப் பேருந்தில் இறங்கி வருவதும், அம்மா சூடு ஆறிய ரசத்தை மறுபடி அடுப்பில் ஏற்றுவதும், நான் தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு தங்கள் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் நினைவுக்கு வந்தன. இன்று மார்கழி இரண்டு. நம் தெருக் கோயில் ஒலிபெருக்கி இந்நேரம் ஓய்ந்திருக்கும். இங்கே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எனக்கு உரக்கத் தினத்தாள் படித்துக்கொள்கிறேன். தமிழ் மறந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான், வேறொன்றும் இல்லை.

போகட்டும், வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் கல்யாணம் தை கடைசியில் என்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. நான் வருவது கடினம். ஜனவரி 20 நண்பகலில் பழையவர்கள் விலகிப் புதியவர்கள் அமரும் நாளிலிருந்து சில வாரங்கள் இங்கே தேவைப்படுவேன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். அக்காவிடம் விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். முழு வருட பட்ஜெட் நிறைவேறாமல் ஏப்ரல் 28 வரைக்கும்தான் இடைக்கால நிதி தந்திருக்கிறார்கள்; ஒப்பந்தப் புதுப்பிப்புகள் சற்றுத் தள்ளிப் போகும் என்கிறார்கள். எப்போதும் நடப்பதுதான், தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நான் சிறிய வீட்டுக்கு மாறியதும் சூடேற்றும் செலவு குறைவதால்தான். மெட்ரோ நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை, உடம்புக்கும் நல்லது.

சீர்ப் பணத்தில் இந்த மாதம் பாதிதான் அனுப்புகிறேன். வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் வங்கியில் தரமாட்டார்கள் என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். மொத்தமாக அனுப்பினாலும் கணக்கில்தானே கிடக்கும்? மீதியைத் தை பிறந்ததும் அனுப்புகிறேன். பெரிய வயலில் சம்பா கருகிவிட்டது என்று சின்ன அத்தை சொன்னார். மேட்டூரைச் செப்டம்பரில் திறந்து, மழையும் பொய்த்தால் குத்தகைக்காரர் என்ன செய்வார்? இவ்வருடக் குத்தகை நெல்லைக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம், முடிவு தங்களுடையது. பட்டா மாற்றத்துக்குத் தாங்கள் போய் வரிசையில் நிற்காதீர்கள். தங்களிடம் வேலை கற்ற பையன்தான் இப்போது அங்கே துணை வட்டாட்சியர் என்றீர்களே, அவரிடம் மாமாவை அனுப்புங்கள். அம்மாவின் ஜாதகப் பேச்சுக்குச் சித்திரைக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: அம்மாவின் அரிசிப் பானைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து, பழைய 500 ரூபாய் நோட்டுகள் இருக்கும். தங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். டிசம்பர் 30-ஆம் தேதிக்குள் கணக்கில் கட்ட வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாமல், பல்லி விழுந்தது என்று பானையை நகர்த்திப் பாருங்கள்.