குண்டுவுக்கு ஒரு குளிர்கால அறை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. டல்லாஸில் மகள் வீட்டுத் தோட்டத்தில் நீ நிற்க, உன் காலடியில் அந்த ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் படத்தை என் பேத்தி கீழே வைக்கவே இல்லை. பேர் குண்டு என்றதும் அவளுக்கு இன்னும் சந்தோஷம். ஊர்க்கதை எல்லாம் பிறகு எழுதுகிறேன். குளிர்காலத்தில் குண்டுவை எப்படிக் காப்பது என்று நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கு முதலில் வந்துவிடுகிறேன், அதற்கு நாள் அதிகம் இல்லை. உங்கள் பக்கம் நவம்பர் கடைசியிலேயே உறைபனி விழ ஆரம்பித்துவிடும்.

ஆமை தானே குழி தோண்டிப் போய்க் குளிர் முடியும்வரை தூங்கிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த ஆமைகள் அப்படித்தான் இருந்திருக்கும். அமெரிக்கப் பாலைவன ஆமை, ஐரோப்பாவின் ஹெர்மன் ஆமை, மத்திய ஆசியாவின் ரஷ்ய ஆமை எல்லாம் குளிர்காலத்தில் உறங்குபவைதான். ஆனால் நீ அனுப்பிய படத்தில் தொடைப் பக்கம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த ஓட்டின் மண் நிறத்தையும் முன்கால் செதிலின் தடிமனையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை, அது சல்காட்டா. காலப்பகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகத்தில் பெரிய தரை ஆமை. செனகல், மாலி, நைஜர், சாட், சூடான் என்று சகாராவின் தெற்கு விளிம்பில் நீளும் சாஹேல் வறண்ட நிலம்தான் அதன் பூர்வீகம். அங்கே அது வளை தோண்டுவது வெயிலுக்கும் வறட்சிக்கும் பயந்து. உறைபனியில் மாதக்கணக்கில் உறங்குவது அதன் உடம்புக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

குளிரில் அது அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் தூங்குவது போலத்தான் தெரியும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உறங்கும் இனங்கள் அதற்கு முன்பே சில வாரங்கள் தின்பதை நிறுத்திக் குடலைக் காலி செய்துகொள்ளும். குண்டு அப்படிச் செய்யாது. சாயங்காலம் வரை புல் மேய்ந்துவிட்டு, வயிறு நிறைந்த நிலையில் குளிரில் மாட்டிக்கொள்ளும். ஆமைக்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாதில்லையா? வெளியே சூடு இறங்கினால் உள்ளேயும் இறங்கும், செரிமானம் நிற்கும், தின்றது உள்ளேயே அழுகும், நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும். அதோடு ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும். ஆமைக்கு நம்மைப் போல நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்கிற தசை இல்லை, இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. வறண்ட ஒரு குளிர் இரவை, மறுநாள் வெயில் கிடைத்தால், அது எப்படியாவது தாங்கிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்து நாலைந்து நாள் நீடித்தால் தாங்காது. ஆகவே தூங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

இப்போது செய்ய வேண்டியது. தோட்டத்து மூலையில் அது தோண்டியிருக்கும் வளையை உடனே அடைத்துவிடு. மண்ணை மட்டும் போட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்பத் தோண்டிவிடும், பெரிய கற்களைப் போட்டு மேலே பலகை சாத்து. மழைத் தண்ணீர் இறங்கிய குளிர்ந்த வளைக்குள் போய்விட்டால் நாற்பது ஐம்பது கிலோ ஆமையை யார் இழுத்து வெளியே போடுவது? அது காலை ஊன்றி ஓட்டை மண்ணில் முட்டுக்கொடுத்துக்கொண்டால் இரண்டு இளவட்டங்களாலும் முடியாது. உன் முதுகுக்கு நீ அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்புறம் அதற்கு ஒரு அறை. நம் ஊர் மரக்கடையில் கிடைக்கிற மாதிரி எட்டுக்கு நாலு ப்ளைவுட் அங்கேயும் கிடைக்கும். ஒரு பலகை அளவுக்குத் தரை, இரண்டரை அடி உயரம், அதற்கு மேல் வேண்டாம். சூடு மேலே ஏறும் இல்லையா, கூரை உயரமானால் நீ காசு கொடுத்து உண்டாக்கும் சூடு எல்லாம் அதன் தலைக்கு மேல் நின்றுவிடும், ஆமை தரையில் நடுங்கும். இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவே இரண்டு அங்குல கெட்டித் தெர்மாக்கோல் வைத்துச் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் மூடு. தெர்மாக்கோல் எங்கேயும் வெளியே தெரியக் கூடாது, கடித்துத் தின்றுவிடும். கூரையைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்தால் சுத்தம் செய்ய வசதி. வாசலில் குளிர்சாதனக் கிடங்குகளில் தொங்கவிடுவார்களே தடித்த பிளாஸ்டிக் பட்டைகள், அவற்றை ஒன்றன் மேல் ஒன்று படிகிற மாதிரி தொங்கவிட்டால் அது தள்ளிக்கொண்டு போகும் வரும், காற்று நுழையாது. வாசல் தெற்குப் பார்த்து இருக்கட்டும், அங்கே வாடைக்காற்று வடக்கிலிருந்துதான் அடிக்கும்.

சூட்டுக்கு, எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் நல்லது. சிவப்பு பல்பைத் தொங்கவிடுகிற வேலை வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல். இத்தனை பெரிய ஆமையின் முதுகு பல்புக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டின் மேல்பக்கம் தீய்ந்துபோகும், வயிற்றுப்பக்கம் குளிர்ந்தே கிடக்கும், ஆமையும் அதை உணர்ந்து நகராது. கீழே காய்ந்த புல் கிடக்கிற இடத்தில் அந்த பல்பு விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரை ஒரு பக்கத்தில் வைத்து, அது இடிக்க முடியாதபடி கெட்டியான மரச்சட்டத் தடுப்பு போடு. காய்ந்த புல் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். வயரை வெளியே ஏற்றிக் கொண்டுபோ. கசிவு மின்சாரம் வந்தால் தானே அணைகிற பிளக் போடச் சொல். சூட்டுக்குத் தகுந்தபடி ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்றைத் தனியாக வாங்கி, உள்ளே 27 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொள், உங்கள் ஃபாரன்ஹீட் கணக்கில் 80. அதன் உணர்கம்பி ஆமையின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்ளே ஒரு வெப்பமானி வைத்து, அதன் அளவு உன் படுக்கையறையில் தெரிகிற மாதிரி கம்பியில்லாத கருவி கிடைக்கிறது, அதையும் வாங்கிவிடு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துகொள்கிற பழக்கம் உனக்கு இன்னும் இருக்கும், எழுந்ததும் ஒரு பார்வை பார்.

பகலில் வெயிலடித்து 15 டிகிரிக்கு மேல் போனால் சில மணி நேரம் வெளியே விடலாம். மழைத்தூறல் உள்ள நாளில் வேண்டாம். வெயில் சாய்வதற்கு முன் அது உள்ளே போய்விட்டதா என்று கையில் டார்ச்சோடு போய் உன் கண்ணால் பார். நல்ல அறையைக் கட்டிவிட்டு, ஆமை வேலி ஓரத்தில் முட்டிக்கொண்டு படுத்திருந்ததைக் கவனிக்காமல் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் உள்ளே ஓட்டிப் பழக்கினால் சில வாரங்களில் தானே போகும். போகாத நாளுக்குச் சக்கரம் வைத்த பலகை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தீனியைப் பற்றிக் கேட்டால் நீ ஊரை நினைத்துக்கொள்வாய். அங்கே புல்வெளிகளில் பெர்முடா புல் என்று வளர்க்கிறார்களே, அது நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்லை உன் ஆமை மேய்கிறது. குளிரில் அது காய்ந்து பழுப்பாகிவிடும், அதனால் அதே புல்லை உலர்த்திக் கட்டாக விற்பதை வாங்கி வை. டெக்சாஸில் சப்பாத்திக்கள்ளி தாராளமாகக் கிடைக்கும், முள்ளை நீக்கிக் கொடு, நீர்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பழம், சோறு, நாய்த்தீனி எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் ரொட்டித் துண்டைப் போடாமல் பார்த்துக்கொள். குளிர்காலத்தில் சரியாகத் தண்ணீர் குடிக்காது, அதனால் மூத்திரப்பையில் கல் வரும். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை மூழ்காத அளவுக்கு அரைமணி நேரம் நிற்க வைத்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகே அறைக்கு அனுப்பு.

மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்தை நீட்டி நீட்டி இழுப்பது, விசில் மாதிரி சத்தம் - இதில் எதைப் பார்த்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதே. நாய் பூனை பார்க்கிற டாக்டர் எல்லோருக்கும் ஆமை தெரியாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு நான் இத்தனை வருஷம் மாட்டோடுதான் கழித்தேன். ஊர்வன வைத்தியம் தனிப் படிப்பு. அந்த மாதிரி ஒருவர் உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து எண்ணை எழுதி வை. மருந்து கொடுத்தாலும் உடம்பு சூடாக இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும், அதனால் போகும் வழியிலும் காரைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது மின்வெட்டு. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நீ மறந்திருக்க மாட்டாய். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சி எனக்கு இன்னும் மனசை அறுக்கிறது. உன் மகள் 2021 பிப்ரவரியில் அதே மாதிரி ஒன்றை அங்கே பார்த்திருப்பாள். டல்லாஸில் மைனஸ் 19 வரை இறங்கியது, டெக்சாஸ் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. குளிருக்குப் பழகாத ஊரில் அப்படி ஒரு வாரம் வந்தால் ஹீட்டரை மட்டும் நம்பி இருக்க முடியாது. அன்றைக்குக் குண்டுவை எந்த அறைக்குள் கொண்டுவருவது, எந்த வாசலில் அந்தப் பலகை நுழையும் என்று இப்போதே அளந்து பார்த்துவிடு. துணி துவைக்கிற அறையோ குளியலறையோ போதும். கம்பளியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள், மேலே போர்வை, அவ்வளவுதான். ஜெனரேட்டர் வைத்தால் அது வீட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி இருக்க வேண்டும். அந்தக் குளிரில் ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் ஜெனரேட்டர் வைத்தும் நச்சுப்புகையில் ஆட்கள் செத்தார்கள். இது உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

அதே வாரத்தில் டெக்சாஸின் தென்கோடி, சவுத் பாட்ரே தீவில், குளிரில் மரத்துப்போய் நீந்த முடியாமல் மிதந்த பச்சைக் கடலாமைகளை ஆயிரக்கணக்கில் படகிலும் வண்டியிலும் ஏற்றிவந்து ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தின் தரையில் வரிசையாகக் கிடத்திக் காப்பாற்றினார்கள். கடல் நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றுக்கு அப்படி ஆகும். படங்களைப் பார்த்தபோது நம் தேவனாம்பட்டினம் கடற்கரையை நினைத்தேன். தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும், வனத்துறையோடு இளைஞர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பத்திரமான இடத்தில் புதைத்துக் காப்பார்கள். இங்கே அவற்றுக்குக் குளிரால் ஆபத்தில்லை, இழுவலையால்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் படித்திருப்பாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. குண்டு படத்தைப் பார்த்துவிட்டு புதுச்சேரியில் உன் தங்கை மகன் தானும் ஆமை வளர்க்கப் போவதாகச் சொன்னானாம். யாரோ நட்சத்திர ஆமை தருகிறேன் என்கிறார்களாம். நீயே கூப்பிட்டுத் தடுத்துவிடு. நம் காட்டு ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. சல்காட்டா மாதிரி வெளிநாட்டு இனமாக இருந்தாலும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அவனுக்கு ஆசை நிஜமாக இருந்தால் என்னோடு ஈ.சி.ஆரில் வரட்டும், மாமல்லபுரத்துக்குப் பக்கத்து முதலைப் பண்ணையில் அல்டாப்ரா ஆமைகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

ஊரில் மழை பிடித்துவிட்டது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்த கையோடு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, மழை இரண்டு நாள் நின்று பெய்தாலே ஆற்றோரத்துச் சனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். உன் வீட்டுத் தென்னை இரண்டும் நன்றாக இருக்கின்றன, வாடகைக்கு இருப்பவர்கள் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

மாசி மகத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வா, கண்டிப்பாக வா, சுவாமிகள் எல்லாம் கடலுக்கு வருவதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து வெகு காலம் ஆகிறது. ஆனால் பிப்ரவரியில் உங்கள் ஊர்க் குளிரை நம்ப முடியாது. நீ கிளம்புவதற்கு முன் சாயங்கால டார்ச் வேலையை மாப்பிள்ளை கையில் ஒப்படைத்து, ஒரு வாரம் உன் கண்ணெதிரில் செய்யவிடு. அறை தயாரானதும் இரவு பத்து மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று தேதியோடு எழுதி அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கலியபெருமாள்