பென்டிரைவில் போட்டுக் கொண்டு வரச் சொல்லாதீர்கள்

பெறுநர்: மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். செல்போன், லேப்டாப் சர்வீஸ், டேட்டா ரெக்கவரி வேலை பார்ப்பவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19, 20, 21ஆம் பிரிவுகளை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படமோ வீடியோவோ கண்ணில் பட்டால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. அந்தக் கடமையில் எங்களுக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. படத்தில் இருக்கும் குழந்தை இன்றைக்கும் அதே ஆளின் பிடியில் இருக்கக்கூடும். எங்கள் குறை வேறு. சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். எப்படிச் சொல்வது என்பதை எங்களுக்கு யாரும் எழுத்தில் தரவில்லை.

காவல் நிலையத்துக்குப் போய், கஸ்டமர் கொடுத்த ஹார்டு டிஸ்கில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் பல நேரம் கிடைக்கும் பதில், "அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டு வா." இன்னும் சிலர், "வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்க்கிறேன்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. எல்லா வழக்கிலும் அப்படிக் கேட்டே பழகிவிட்டார்கள். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில், இத்தகைய படங்களைச் சேகரிப்பது, டவுன்லோடு செய்வது, பரப்புவது எல்லாமே குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். போக்சோ 15(2), புகார் கொடுப்பதற்காக வைத்திருந்தால் விலக்கு உண்டு என்கிறது. ஆனால் "விதிகளில் வகுத்தபடி" என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. அந்த வகுத்த முறையைத் தேடி 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளைப் புரட்டினால், 11ஆம் விதியில் எங்கே புகார் தரலாம், எந்தச் சாதனம், எந்தத் தளம் என்று குறிப்பிட வேண்டும் என்பது இருக்கிறது. சமூக வலைத்தளம் போன்ற இணைய இடைத்தரகு நிறுவனங்கள் அந்தப் படத்தையோ வீடியோவையோ ஒப்படைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. மேசை மேல் கழற்றி வைத்த டிஸ்கை என்ன செய்வது, நகல் எடுக்கலாமா கூடாதா, யார் வந்து எடுத்துப் போவார்கள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

இந்த வேலையில் நகல் தானாகவே உண்டாகும் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பழுதான டிஸ்கை ரெக்கவரி செய்யும்போது முதலில் அதை முழுசாக இன்னொரு டிஸ்கில் இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுப்போம். அசல் மேலும் கெடாமல் இருக்க அதுதான் சரியான முறை. கோப்பு உருப்படியாக வந்திருக்கிறதா என்று ஃபோல்டரைத் திறந்த நொடியில் விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் தம்ப்நெயில் என்ற சிறு படம் தயாரித்துத் தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) வைத்துக்கொள்கிறது. அந்தக் கேஷ் இருப்பது கஸ்டமரின் டிஸ்கில் அல்ல, எங்கள் கம்ப்யூட்டரில். ஆக, புகார் சொல்லக் கிளம்பும்போதே டெக்னீஷியனின் சொந்தச் சிஸ்டத்தில் அந்தப் படங்களின் சுவடு ஏறிவிட்டது. 23.9.2024 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பொருள் கையில் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டில் இருந்தால் அது வைத்திருத்தல்தான் என்று சொல்லிவிட்டது. குழந்தைகளைக் காக்க வந்த நல்ல தீர்ப்பு அது, வரவேற்கிறோம். ஆனால் நேர்மையாகப் புகார் தர வருபவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் அந்தச் சுவட்டை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று உங்கள் அதிகாரிகளுக்கு யார் சொல்வது?

அழித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். போக்சோ 15(1), அழிக்கவோ புகார் செய்யவோ தவறினால் என்றுதான் பேசுகிறது. ஆனால் டெக்னீஷியன் அழித்தால், குற்றம் நடந்தது தெரிந்தும் சாட்சியத்தை மறைத்ததாகக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு அவர் மேல் திரும்பும். அதைவிடப் பெரிய இழப்பு, குழந்தையைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

அழிக்காமல் வைத்திருப்பதிலும் சாதனத்துக்குச் சாதனம் முறை மாறும். எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்கை மின்சாரத்தில் விட்டு வைத்தால், ஏற்கெனவே டெலிட் செய்த கோப்புகளை அதன் கன்ட்ரோலரே உள்ளுக்குள் துடைத்துக்கொண்டிருக்கும். உடனே பவரைத் துண்டிக்க வேண்டும். அன்லாக் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் போனுக்கு இது நேர் எதிர். அணைத்தால் என்கிரிப்ஷன் சாவி மெமரியை விட்டுப் போய்விடும், பாஸ்வேர்டு இல்லாமல் தடயவியல் ஆய்வகமே திணறும். ஆகவே சார்ஜில் வைத்து, சிம்மைக் கழற்றி, ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபை அணைந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் வேறெங்கோ இருந்தபடி மொத்தத்தையும் அழித்துவிடுவார். ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றைக் கெடுக்கும். மீண்டும் மீண்டும் கோப்பைத் திறந்து பார்ப்பதும் நேரப் பதிவுகளை மாற்றக்கூடும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழில், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் கேட்கிறீர்கள். அசலையே கலைத்துவிட்ட பிறகு எடுக்கும் ஹாஷ், கலைந்த பிறகு இருந்த நிலைக்குத்தான் சாட்சி. இதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும் விஷயம். அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சாயங்காலம் கஸ்டமர் வந்து லேப்டாப்பைக் கேட்பார். அப்போது என்ன செய்வது? பறிமுதல் செய்யும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு, சர்வீஸ் கடைக்குக் கிடையாது. கொடுத்தால் தடயம் போய்விடும். கொடுக்காவிட்டால் தகராறு, கடை வாசலில் ஆள் கூடும். "ஸ்பேர் வரவில்லை, நாளைக்கு வாங்க" என்ற பொய்யை நம்பி ஒரு போக்சோ வழக்கின் சாட்சியம் நிற்கலாமா? தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பெயர் சொல்லாமல் புகார் தர வழியிருக்கிறது. இணைய லிங்க்குக்கு அது போதும், மேசை மேல் இருக்கும் டிஸ்கை வந்து எடுத்துப்போக ஆள்தான் வேண்டும்.

புகாரை எழுதிக்கொள்வதாவது முறையாக நடக்கிறதா? போக்சோ 19(2) தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு தகவலுக்கும் பதிவு எண் தர வேண்டும், எழுத்தில் பதிய வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதியத் தவறுபவருக்கும் 21ஆம் பிரிவில் அதே 6 மாதம்தான். ஆனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீதுக்காகப் பகல் முழுக்கப் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. ரைட்டர் இல்லை, இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், இது மகளிர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது, இல்லை சைபர் கிரைமுக்கு. கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் மறுமுறை வருவாரா என்று யோசித்துப் பாருங்கள். பெரிய தளங்களுக்கு இதற்கென்று தனிக் குழு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், தெரிந்த படங்களை ஹாஷ் வைத்துப் பிடிக்கும் ஃபோட்டோடிஎன்ஏ போன்ற கருவி இருக்கிறது. இங்கே ஒருவர், ஒரு மேசை, கண்டதை மறக்க முடியாத மனசு. அவருக்கு ஒரு மனநல ஆலோசனை தேவைப்படலாம் என்று எந்தச் சுற்றறிக்கையாவது நினைத்துப் பார்த்திருக்கிறதா?

போக்சோவின் 20ஆம் பிரிவு, புகார் தர வேண்டியவர்களாக ஊடகம், ஹோட்டல், லாட்ஜ், மருத்துவமனை, கிளப், ஸ்டுடியோ என்று பட்டியல் போடுகிறது. சர்வீஸ் கடையின் பெயர் அதில் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினா, இல்லினாய் மாநிலச் சட்டங்கள் ஃபிலிம் கழுவுபவரோடு கம்ப்யூட்டர் டெக்னீஷியனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. இங்கேயும் சேருங்கள். பெயர் வந்தால் பொறுப்பு கூடும் என்பது தெரிந்தேதான் கேட்கிறோம். நல்லெண்ணத்தோடு புகார் சொல்பவர் மேல் வழக்கு வராது என்று 19(7) தரும் பாதுகாப்பு 19(1)இன் கீழ் சொல்பவருக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. 20இன் கீழ் சொல்பவருக்கும் அது உண்டு என்று சேர்த்து எழுதுங்கள். அதே மூச்சில் இன்னொன்று: வேலையின் போக்கில் கண்ணில் பட்டதைச் சொல்வது கடமை, கஸ்டமரின் கேலரியைத் துழாவுவது கடமை ஆகிவிடக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் படம் ஒவ்வொரு தாயின் போனிலும் இருக்கும்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அமைச்சகம் 11ஆம் விதியில் பழுதுபார்ப்பவருக்கான நடைமுறையைச் சேர்க்கட்டும்: திறப்பதை நிறுத்து, நகல் எடுக்காதே, சாதன வகைக்கு ஏற்ப இப்படி வை, ஜாப் ஷீட் எண்ணும் பார்த்த நேரமும் எழுது, இந்த எண்ணுக்குக் கூப்பிடு. அதுவரை காத்திருக்காமல், காவல்துறைத் தலைமை இயக்குநர் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்: நகல் கேட்கக் கூடாது, அதிகாரியே கடைக்கு வந்து சாதனத்தையும் ரெக்கவரி இமேஜையும் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதிக் கைப்பற்ற வேண்டும், பதிவு எண்ணை அங்கேயே தர வேண்டும். தமிழில், ஒரே பக்கத்தில், கடைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி கொடுத்தால் போதும். வரைவு தயாரிக்கும்போது கூப்பிட்டால் வேலையை நிறுத்திவிட்டு வந்து உதவத் தயாராக இருக்கிறோம்.

நன்றியுடன்,
செல்போன், லேப்டாப் சர்வீஸ் மற்றும் டேட்டா ரெக்கவரி தொழிலாளர்கள்