கயலின் லத்தீன்

லெஸ்டர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியோடு மாடியேறி டியூஷன் எடுக்காதே, பிள்ளைகளைக் கீழே திண்ணைக்கு வரச் சொல்.

இங்கே வீட்டில் கயலின் லத்தீன்தான் பேச்சு. இரண்டு வருஷமாகச் சுகமாகப் போனது. பாடநூலில் பழைய ரோமானிய ஊரான பொம்பேயிக்காரர் கைகிலியுஸ் தோட்டத்தில் இருப்பார், நாய் தெருவில் இருக்கும், அவ்வளவுதான் வாக்கியம். அவர் கற்பனை ஆள் இல்லை, தெரியுமா? 1875இல் அவர் வீட்டைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன, எல்லாம் கொடுக்கல் வாங்கல் கணக்கு. முதல் புத்தகத்தின் கடைசியில் வெசுவியஸ் எரிமலை வெடிக்கிறது. இவள் அழுதது நாய்க்காக.

இந்த வருஷம் ரோமானியத் தளபதி சீசர் எழுதிய போர்க்குறிப்பை அப்படியே கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாக்கியம் ஏழு வரி, வினைமுற்று கடைசியில். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை. முதலில் வினையைத் தேடு, அப்புறம் எழுவாயைத் தேடு என்பது வகுப்பில் சொல்லித் தந்த வழி. பிள்ளை வரிக்கு வரி தாவித் தாவிக் களைத்துப்போனாள்.

நான் லத்தீன் படித்தவன் இல்லை. ஆனால் 'ஹிஸ் ரேபுஸ் கோக்னிதிஸ்' என்ற தொடருக்கு அவள் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. 'இவை தெரியவந்ததும்', அவ்வளவுதானே! "மழை விட்டதும் கிளம்பலாம் என்று பாட்டி சொல்வாளே, விட்டது மழை, கிளம்புவது நாம். அதே கதைதான்" என்றேன். வினை கடைசியில் வருவது நமக்கு என்ன புதுசா? வருகிற வரிசையிலேயே தமிழாக நினைத்துக்கொண்டு போ என்றேன். அன்று பாதிப் பக்கம் தேறியது.

இன்னொன்று, உனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு வேற்றுமை ஆறுதான். வாளால், ஊரிலிருந்து, அந்த இடத்தில் என்று நாம் மூன்று, ஐந்து, ஏழு எனப் பிரித்து வைத்திருப்பதில் பெரும்பகுதியை அவர்கள் ஒரே வேற்றுமையில் அடைத்துவிட்டார்கள். கயல் இப்போது அந்தச் சொற்களின் தலையில் பென்சிலால் 3, 5, 7 என்று போட்டுக்கொள்கிறாள். ஆசிரியை என்னவென்று கேட்டாராம். 'தொல்காப்பியம்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது. மேசை பெண்பால் என்றால் நமக்கு எப்படி ஏறும்? பெயரடை ஒரு பக்கமும் பெயர் இன்னொரு பக்கமுமாகக் கிடக்கும். சீசரின் முதல் வாக்கியத்திலேயே 'கல்லியா'வுக்கும் (அது நாட்டின் பெயர்) 'ஓம்னிஸ்'ஸுக்கும் (முழுவதும்) நடுவே 'எஸ்ட்' என்ற வினை புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் அவள் தனியாகத்தான் கடக்க வேண்டும்.

வீரமாமுனிவருக்கு இதே பாடு தலைகீழாக இருந்திருக்கும். நம் பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது என்று நீதான் கல்லூரியில் சொன்னாய். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும்கூட லத்தீனில் பெயர்த்திருக்கிறார் அல்லவா? திருச்சியில் பழைய பாதிரிமார் நூலகம் எதிலாவது அது கிடைக்குமா என்று விசாரி. பத்துக் குறள் போதும், நகலெடுத்து அனுப்பு. கோடை விடுமுறையில் அவளை உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

உன்,
ராமு