ராஜினாமா என்று எழுதி வாங்காதீர்கள்

எங்கள் ஐடி நிறுவனத்தின் தலைமைக்கும் மனிதவளத் துறைக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் ஒருவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டீர்கள். பதின்மூன்று வருஷம் உங்களிடம் வேலை பார்த்தவர். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அழைப்பு பன்னிரண்டு நிமிஷம். அது முடிவதற்குள் அவருடைய மெயில் மூடப்பட்டுவிட்டது. பாதியில் நின்ற வேலையைப் பற்றிக் கேட்கலாமென்று சாட்டில் தேடினால் பெயரே வரவில்லை.

கொரோனா சமயத்தில் ஊர் திரும்பி, மாதத்தில் சில நாள் மட்டும் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு இறங்கிப்போகிற ஏற்பாட்டில் மலையிலேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள் இருவரும். அவர் குன்னூர், நான் கோத்தகிரி. அன்று சாயங்காலம் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து அறையில் மகள் படித்துக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் பேசினார். "நானாவே வேலையை விட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்கடி. நான் எப்ப விட்டேன்?" இதையே மூன்று நான்கு தடவை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவருக்கு நீங்கள் வைத்த கணக்கு இது. அன்று மாலை ஆறு மணிக்குள் ராஜினாமா செய்தால் இரண்டு மாதச் சம்பளமும், அடுத்த வேலைக்குக் காட்ட வேண்டிய ரிலீவிங் லெட்டரும் உண்டு. மறுத்தால் திறமைக் குறைவு என்று காட்டி நீக்குவோம், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அது தெரியவரும். நாற்பத்தோரு வயது, வீட்டுக் கடன், படிக்கிற பிள்ளை. ஐந்தே முக்காலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வார்த்தைகள்கூட நீங்கள் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் இருந்தவைதான்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு ஏறிய குடும்பம் எங்களுடையது. அம்மா இன்றைக்கும் ஒரு தனியார் எஸ்டேட்டில் பேர் பதிந்த தொழிலாளி. அப்பா அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது அந்த ஃபேக்டரியை மூடினார்கள். காலையில் மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கிற இடத்தில் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யூனியன் தலைவர்கள் வந்தார்கள். குன்னூர் தொழிலாளர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டு வருவார். முடிவில் வேலை போனது போனதுதான். பணமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த நோட்டீஸில் 'ஆட்குறைப்பு' என்று எழுதியிருந்தது. அப்பா சாகும்வரை அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். வேலையை ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் காட்டுவார்.

பத்தாவது தாண்டாத அப்பாவுக்குக் கிடைத்த அந்தத் தாள், பொறியியல் படித்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

இது ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல, சட்டத்தில் இருக்கிற வித்தியாசம். 1947 தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கேட்டது. கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்பு, மறுபடி ஆள் எடுக்கும்போது பழைய ஆளைக் கூப்பிடு என்றது. 100 பேரோ அதற்கு மேலோ இருக்கிற தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றால் அரசிடம் முன் அனுமதியே வாங்க வேண்டும். எங்கள் தேயிலைக் காடு அந்தப் பட்டியலில் இருந்தது, உங்கள் கண்ணாடிக் கட்டிடம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு என்ற புதுச் சட்டம் அந்த 100-ஐ 300 ஆக்கிவிட்டது. கூடவே, ஆட்குறைப்பில் போகிறவருக்கு வேறு வேலை பழகுவதற்காக 15 நாள் சம்பளம் என்று ஒரு நிதியையும் கொண்டுவந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இவை எதுவுமே இல்லை. அந்த மாதிரிப் படிவம் எதற்காக அனுப்பப்படுகிறது என்று எனக்குப் புரிகிறது.

இந்தச் சட்டம் 'தொழிலாளி'க்குத்தான், நாங்கள் அந்த வரையறைக்குள்ளேயே வரமாட்டோம் என்று உங்கள் வக்கீல் சொல்வார். ஆனால் பதவிப் பெயரைப் பார்க்காதே, என்ன வேலை செய்கிறார் என்று பார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அக்காவின் பதவிப் பெயரில் 'மேனேஜர்' உண்டு. அவருக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, நாள் முழுக்க கோட் எழுதினார். ஐடி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதைப் பற்றிக் காபி மெஷின் பக்கத்தில் பேசக்கூட எங்கள் ஆட்களுக்குப் பயம்.

ஊழியர்களின் மனநிலையை அறிய வருஷத்துக்கு இரண்டு தடவை சர்வே அனுப்புகிறீர்கள். பெயர் வராது என்கிறீர்கள், ஆனால் லிங்க் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருகிறது. எல்லோரும் ஐந்துக்கு நான்கு போட்டு அனுப்பிவிடுகிறோம். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

ஆள் குறைப்பதே பாவம் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன பையன்கள், பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்போம் என்கிறார்கள். ஒரு புராஜெக்ட் முடிந்துபோனதும், நாங்கள் செய்த சோதனை வேலையில் பாதியை ஏஐ செய்வதும் எங்களுக்கும் தெரியும். தெரியாதது, ஏன் இவர் என்பதுதான். இரண்டு வருஷமாக நல்ல ரேட்டிங் வாங்கியவர் எப்படி ஒரே மதியத்தில் திறமைக் குறைவானவர் ஆனார் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாதபோது எல்லோரும் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள். சம்பளம் அதிகம் என்பதால் என்கிறார் ஒருவர். மீட்டிங்கில் எதிர்த்துப் பேசினார் என்கிறார் இன்னொருவர். அன்றிலிருந்து எங்கள் மீட்டிங்கில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தப்பான தேதி கொடுத்தாலும் தலையாட்டுகிறோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் இரண்டு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நாற்பது நிமிஷத்தில் தானாகவே முடிக்கிற ஒரு சின்ன புரோகிராமை (ஸ்கிரிப்ட்) எழுதி மூன்று மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு பேரில் ஒருவர் அடுத்த பட்டியலில் இருப்பார் என்று எனக்குப் பயம். எட்டு வருஷத்தில் இப்படி நான் எதையும் ஒளித்ததில்லை. இரவில் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னைப் போல எத்தனை பேர் எதையெதை ஒளித்து வைத்திருக்கிறார்களோ, உங்கள் சர்வேயில் அது வராது.

எல்லா ஊழியர்களையும் கூட்டிய டவுன் ஹால் மீட்டிங்கில் இந்த ஆள் குறைப்பைக் கவாத்து என்று சொன்னீர்கள். செடி நன்றாக வளரத்தான் வெட்டுகிறோம் என்றீர்கள். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் முப்பது வருஷமாகத் தேயிலைக் காட்டில் இருப்பவர், அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கவாத்து வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே கொழுந்து எடுப்பதை நிறுத்தி, வேரில் சத்து ஏற விடுவார்கள். மண் காய்ந்து கிடக்கிற நேரத்தில் கத்தியே வைக்கமாட்டார்கள். மொத்தமாக மொட்டையடிக்காமல் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள், புதுத் தளிர் வருகிறவரை செடி மூச்சுவிடுவது அதில்தான். வெட்டுவாயில் மருந்து பூசுவார்கள். வெட்டிய கிளையை அந்தச் செடியடியிலேயே போடுவார்கள். அப்புறம் நாலைந்து வருஷத்துக்கு அந்தக் காட்டில் கவாத்துக் கத்தி இறங்காது. "உங்க கம்பெனில எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் இது மூன்றாவது தடவை என்றேன். "அப்ப செடி செத்துரும்மா" என்றார்.

உலகம் முழுக்க நடப்பதுதான் என்றும் சொன்னீர்கள். ஆமாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் அனுப்பப்போவதாக அறிவித்தன. எண்ணிக்கையைச் சொன்னார்கள். அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 16 வாரச் சம்பளம் என்பதையும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதினார்கள். எங்களுக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதே தெரியாது. காலையில் சாட்டைத் திறந்து, யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொள்கிறோம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஊட்டி இந்துநகரில் 1960-இல் தொடங்கிய, ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், டிஜிட்டல் கேமரா வந்ததும் எழவே முடியாமல் போனது. 2014-இல் மத்திய அரசு அங்கே விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. யாருக்கு என்ன கிடைக்கும் என்பது எழுத்தில் இருந்தது. தொழில் ஏன் செத்தது என்று இந்த மாவட்டத்தில் டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

நான் கேட்பது அதிகமில்லை. ஆள் குறைக்கிறீர்கள் என்றால் ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லுங்கள். நான் வேலையை விட வேண்டுமானால் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதே 90 நாளை எங்களுக்கும் கொடுங்கள். மருத்துவக் காப்பீட்டை அந்த 90 நாளும் நிறுத்தாதீர்கள். மலையில் இருக்கிற எங்கள் அப்பா அம்மாவைப் பெரிய வைத்தியத்துக்குக் கோயம்புத்தூருக்குத்தான் இறக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது எப்படி என்று உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். போகிறவர் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். பதின்மூன்று வருஷம் கூட இருந்தவர்களிடம் வருகிறேன் என்று சொல்லக்கூட அக்காவால் முடியவில்லை.

கடைசியாக, உடனே செய்யக்கூடியது ஒன்று. அக்காவின் ரிலீவிங் லெட்டரில் 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, மறுசீரமைப்பின்போது ஆட்குறைப்பு செய்யப்பட்டார் என்று திருத்தி அனுப்புங்கள். அவருக்கு 18-ஆம் தேதி ஒரு இன்டர்வியூ இருக்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் ஊழியர், எட்டாம் வருஷம்