பணியில் சேர்ந்த தேதியா உரிமையின் அளவுகோல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ நம் நாளிதழ்களில் இடம்பெறுவது பெரும்பாலும் புயல் வீசும்போதும், 7,000 கோடி டாலரைத் தாண்டிய அதன் கடனைப் பற்றிய பேச்சு எழும்போதும்தான். அந்தக் கடன் நெருக்கடியின் காலத்தில் அங்குள்ள அரசு ஊழியர்களும் தனியார் நிறுவனத் தொழிலாளர்களும் எவற்றை இழந்தார்கள், அந்த இழப்பு அவர்களுக்குள் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2017 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தச் சட்டம், முதலீட்டை ஈர்க்கவும் வேலைவாய்ப்பைப் பெருக்கவும் கொண்டுவரப்படுவதாகச் சொல்லப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களின் உரிமைகளில் பெரும்பகுதியை அது தொடவில்லை. அதன் சுமையில் பெரும்பகுதி பின்னால் சேர்ந்தவர்கள்மீது விழுந்தது. பழைய தொழிலாளிக்கு மாதம் 115 மணி நேரம் உழைத்தால் ஒன்றேகால் நாள் வீதம் ஆண்டுக்கு 15 நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை உண்டு. புதியவரோ மாதம் 130 மணி நேரம் உழைத்தும் முதல் ஆண்டில் அரை நாள் வீதம் ஆறு நாள்தான் பெறுகிறார். பழையவரின் 15 நாளை அவர் எட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் கிறிஸ்துமஸ் போனஸிலும் இதே கதைதான். முன்பு ஆண்டுக்கு 700 மணி நேரம் உழைத்தவருக்கே அது உரியதாக இருந்தது; இப்போது புதியவர் 1,350 மணி நேரம் உழைத்தாக வேண்டும். வாரத்துக்கு 25 மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் கடையில் நிற்கும் பகுதிநேர ஊழியருக்கு 1,300 மணி நேரமே ஆகிறது என்பதால், அவர் வெறுங்கையோடுதான் பண்டிகையைக் கொண்டாட வேண்டும். சட்டமியற்றியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தில் இந்தப் பிரிவினை இன்னும் பழையது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்த ஓய்வூதியம், 1990-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குக் குறைக்கப்பட்டது. 2000-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கோ உறுதியான ஓய்வூதியமே இல்லை. அவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட தொகை கணக்கேட்டில் அவரவர் பெயரில் எழுதப்பட்டதே தவிர, தனியே சேமிக்கப்படவில்லை. முந்தைய தலைமுறைக்கு ஓய்வூதியம் வழங்கவே அது செலவானது. 2008-இல் ஏறத்தாழ 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டும் ஓய்வூதிய நிதியத்தை மீட்க முடியவில்லை. 2017 ஜூலை முதல் அரசின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்தே ஓய்வூதியம் நேரடியாக வழங்கப்படுகிறது.

2022-இல் நடைமுறைக்கு வந்த கடன் சீரமைப்புத் திட்டத்தில், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் வெட்டிலிருந்து தப்பியது. தீவின் நிதியைக் கண்காணிக்க அமெரிக்கா அமைத்த மேற்பார்வை வாரியம் முதலில் வெட்டத்தான் முனைந்தது. தொழிற்சங்கங்களும் சட்டமன்றமும் உறுதியாக எதிர்த்ததால்தான் அது கைவிடப்பட்டது. அந்தப் பாதுகாப்பு பணியில் இருந்த ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. 1,750 டாலர் அடிப்படை மாதச் சம்பளத்தில் பணியாற்றிய அவர்களின் ஓய்வூதியப் பலன்கள் அதுவரை சேர்ந்த அளவிலேயே முடக்கப்பட்டன. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் நெடுங்காலம் சேர்க்கப்படாதிருந்த அவர்களுக்கு அரசு ஓய்வூதியம் ஒன்றே பற்றுக்கோடாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் வகுப்பறைகளை விட்டு வீதிக்கு வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தனியார் துறையில் பறிக்கப்பட்டவற்றுள் சிலவற்றைத் திருப்பித் தர, அத்தீவின் சட்டமன்றம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றி, ஆளுநரும் கையெழுத்திட்டார். புதியவர்களுக்கும் மாதம் ஒன்றேகால் நாள் விடுமுறை என்பது அதில் ஒன்று. தான் ஒப்புதல் அளித்த நிதித் திட்டத்துக்கு முரணானது என்று மேற்பார்வை வாரியம் வழக்குத் தொடுக்க, 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வாரியத்தின் ஏழு உறுப்பினர்களையும் நியமிப்பவர் அமெரிக்க அதிபர். அந்த அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை தீவில் வாழும் மக்களுக்கு இல்லை. வாரியத்தை 2016-இல் உருவாக்கிய அமெரிக்க நாடாளுமன்றத்திலும் அவர்களுக்கு இருப்பது இறுதி வாக்கெடுப்பில் பங்கேற்க முடியாத ஒரே ஒரு பிரதிநிதிதான்.

கடன் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் போலவே, 2017-க்குப் பின் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு என்ன கிடைக்காமல் போனது என்பதையும் தங்கள் உலகச் செய்திப் பக்கம் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்