வாளின் நடுவே ஒரு புகைத்திட்டு

அன்பு மகளுக்கு,

பைனாகுலர் வந்து சேர்ந்ததில் சந்தோஷம். ஜனவரி, பிப்ரவரி முன்னிரவுகள்தான் ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க ஏற்ற நேரம். அமாவாசையை ஒட்டி ஒரு நாள் பார்த்துக்கொள். வெளியே போனதும் 20 நிமிடமாவது இருட்டில் சும்மா உட்கார். நடுவில் ஒரு தடவை போனைத் திறந்தாலும் கண் பழகியதெல்லாம் வீண்.

ஓரியனின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை. அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பிலிருந்து மங்கலாக ஒரு சின்ன வரிசை தெரியும். அதுதான் வாள். அதன் நடுவில் பார். முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொள், இல்லையென்றால் எல்லாம் ஆடும். நட்சத்திரங்களைச் சுற்றி, கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு புகைத்திட்டு இருக்கும். அதுதான் ஓரியன் நெபுலா, வாயுவும் தூசியும் கலந்த மேகம். உற்றுப் பார்த்தால் சுருங்கிவிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் இரண்டு பக்கமும் இறக்கை விரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

படங்களில் பார்த்த சிவப்பு எங்கே என்று ஏமாந்துவிடாதே. அந்தச் செல்களுக்கு நிறம் தெரியாது. நீ பார்க்கும் சாம்பல் நிறத் திட்டு ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம். எந்தப் படத்தையும்விட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதை ஒளிரவைப்பது நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு இளம் நட்சத்திரங்கள், முக்கியமாக அவற்றில் பிரகாசமானது. அதன் புறஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. எலக்ட்ரான் திரும்பிச் சேரும்போது 656 நானோமீட்டரில் சிவப்பு பிறக்கிறது. ஆனால் நட்சத்திரங்கள் உருவாவது இந்த வெளிச்சத்துக்குப் பின்னால், இருண்ட குளிர்ந்த மேகத்தில். அங்கே வெப்பம் தனிச்சுழிக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்கு, மேல் 10, 20 டிகிரிதான். வாயு சூடாக இருந்தால் வெளியே தள்ளும், ஈர்ப்பு தோற்றுவிடும். குளிர்ந்திருந்தால்தான் ஒரு முடிச்சு தன்மேலேயே சரிந்து, மையம் ஒரு கோடி டிகிரியைத் தொட்டு, ஹைட்ரஜன் பிணையத் தொடங்கும்.

தூசி அதை மறைக்கும். அகச்சிவப்பு அந்தத் தூசியை ஊடுருவி வரும். ஆனால் அதைப் பிடிக்கும் கருவி குளிர்ந்திருக்க வேண்டும், அதன் சொந்தச் சூடும் அகச்சிவப்பாகவே வெளிப்படும். அதற்காகத்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை ஐந்து அடுக்கு வெயில்திரையோடு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். கழுகு நெபுலாவின் தூண்களை ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த படத்தையும் வெப் 2022இல் எடுத்ததையும் அருகருகே வைத்துப் பார். முதலில் கெட்டிச் சுவர். இரண்டாவதில் அதே சுவருக்குள் செக்கச்செவேலென்று குழந்தை நட்சத்திரங்கள்!

கேமராவிலும் எடு. 50 மில்லிமீட்டர் லென்ஸ், முக்காலி, ஐஎஸ்ஓ 1600. ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்றால் ஒரு படத்துக்கு 10 விநாடி திறந்து வை, அதைவிடச் சின்னதென்றால் 6. நட்சத்திரம் கோடாக நீண்டால் இன்னும் குறை. ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். அதை அணைத்து, திருவாதிரையைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும்வரை ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பு. 60 படமாவது எடுத்து மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. நடுப்பகுதி வெளுத்துப்போகும், அதற்கு 2 விநாடியில் சில படங்கள் தனியாக எடுத்துவை. லென்ஸில் பனி படிகிறதா என்று அடிக்கடி பார். சிவப்பு குறைவாக வந்தால் உன் தப்பில்லை. சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

முதல் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அழிக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா